சிலுப்பாத கறி

போன வருஷம் பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டுக் கிடா ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று போடியில் எங்கள் வாசலில் நின்று பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. மற்றது பெங்களூரில் ஒரு மூடிய பாத்திரத்துக்குள், தீனி தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக வந்து சேர, சத்தம் போடாமல் வளர்ந்துகொண்டிருந்தது. இதை நான் கடையில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. எனக்குச் சர்க்கரை கூடிவிட்டதா என்று விசாரித்தார்கள்.

கடை என்றால் ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் காயைச் சலித்து, பெரிசு சிறிசு பிரித்து ஏலத்துக்கு அனுப்புவது என் தொழில். முப்பது வருஷமாகக் காயைக் கையில் அள்ளியே நல்லது கெட்டது சொல்லி வருகிறேன். அதனால் உலகத்தில் எதைக் காட்டினாலும் தரம் சொல்லிவிடலாம் என்ற மிதப்பு எனக்கு உண்டு. யாரையும் எதையும் கேலி பேசலாம் என்ற மிதப்பும் சேர்ந்தே உண்டு.

கிடா எதற்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் கல்லூரியில் படிக்கும்போது சினேகிதர்களோடு மூணாறு போய்விட்டுத் திரும்புகையில், போடிமெட்டு இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, இவனுக்கு மண்டையில் அடி. அந்தப் பாதையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப் ஓட்டுகிற என் மைத்துனன்தான், அதாவது பையனின் தாய்மாமன்தான், சரிவில் இறங்கி அவனைத் தூக்கி வந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் பேனாவை வாங்கவில்லை. என் மனைவிதான் போட்டாள். போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே குலசாமி கருப்பனை நினைத்து, "எம்பிள்ளையக் குடுத்துரு, உனக்கு ஒரு கெடா தர்றேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்தான். கிடா மட்டும் தள்ளிப்போனது. படிப்பு, வேலை, பங்காளி வீட்டு இழவு என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். அவனுக்குப் பெங்களூரில் ஜலதோஷம் பிடித்தால்கூட, இவள் கோயில் இருக்கும் குரங்கணிப் பக்கம் திரும்பி நின்று மன்னிப்புக் கேட்பாள். "குடுத்தவரு எடுத்துக்கிட்டா என்ன செய்யிறது?" என்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரித்ததில்லை.

கடைசியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குட்டியை வாங்கி நேர்ந்துவிட்டோம். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. நேர்ந்துவிட்ட கிடாவை ஒருவரும் அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. இந்தச் சட்டத்தை எங்களைவிட அது நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. பழக்கடையில் வாழைப்பழம், டீக்கடையில் பன், என் கடையில் சலித்துக் கொட்டிய ஏலக்காய்த் தோல் என்று தினமும் ஒரு சுற்றுப் போய்வரும். ஒருநாள் ஏலத்துக்கு எடுத்து வைத்திருந்த முதல் தரக் காயில் வாயை வைத்தது. வேறு ஆடாக இருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் சாமி, கிளம்புங்க" என்றேன். அது ஏப்பம் விட்டது.

மகன் செய்யும் வேலை என்னவென்று எங்களுக்கு வெகுநாள் தெரியாது. பயோடெக் என்பான். மருந்து கம்பெனி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். கிடாவெட்டுக்கு நாள் பார்க்கப் பேச்செடுத்தபோதுதான் வாய் திறந்தான். ஆட்டிலிருந்து துளி சதையை எடுத்து, அதைப் பாத்திரத்தில் பெருக வைத்துக் கறியாக்குகிற வேலையாம். ஆடு சாகாது, கறி வரும். வருங்காலத்தில் உலகம் முழுக்க இதைத்தான் சாப்பிடுமாம்.

"கறியா, மருந்தா?" என்றாள் என் மனைவி.

"கறிதாம்மா. நெசக் கறி."

"எலும்பு?"

"எலும்பு வராது."

"அப்புறம் என்னத்த கறி" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செய்தி பரவியதும் எங்கள் சொந்தபந்தத்தின் அறிவெல்லாம் வெளியே வந்தது. மைத்துனன், "ஆத்தி! சீக்குக் கறில்ல மச்சான் அது" என்று முகத்தைச் சுளித்தான். அப்போது அவன் கையில் இருந்தது, பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிராய்லர் கோழியின் கால். ஒன்றுவிட்ட தங்கை, வெள்ளிக்கிழமை அதைச் சாப்பிடலாமா என்று கேட்டாள். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும்போது சாப்பிடலாமா என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார். அது மீல்மேக்கர் மாதிரிதான், பேரைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். என் பக்கத்துக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பம். அவர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, "ஆடு சாகலைன்னா தோசமில்லைதானே அண்ணே? மொதத் துண்டு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ரகசியம் பேசிவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்குள் இத்தனை வருஷமாக எவ்வளவு ஆசை உட்கார்ந்திருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

நான் மட்டும் என்ன? "இயற்கைக்கு விரோதமா ஒன்னு செஞ்சா அது வெளங்காதுடா" என்றேன் மகனிடம், பெரிய மனிதத் தோரணையில்.

"அப்பா, நம்ம மலையில இருக்குற ஏலச்செடி எப்படி வந்துச்சு?"

"எப்படின்னா? நல்லாக் காய்க்கிற செடியோட தூரைப் பிரிச்சு நடுவோம்."

"அப்ப மலை முழுக்க ஒரே செடியோட நகலுதானே? அதுக்கு எத்தனை மருந்து அடிக்கிறாங்க?"

பதினைந்து நாளைக்கு ஒரு மருந்து அடிக்கும் தோட்டமெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காயைத்தான் மலைக் காற்றிலும் மழையிலும் தானாக விளைந்தது என்று வடநாட்டு வியாபாரியிடம் வாய் கூசாமல் சொல்லி விற்கிறேன். ஆகவே பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது ஒரு கால்நடை டாக்டரைக் கையோடு கூட்டி வந்தான். கிடாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, தொடையிலிருந்து சுண்டைக்காய் அளவு சதையை எடுத்தார்கள். வலியே இருக்காது என்றார் டாக்டர். கிடாவுக்கு அந்த விஷயம் தெரிவிக்கப்படவில்லை போலிருக்கிறது, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. என் மனைவி மஞ்சளை அரைத்து அப்பினாள். மகன் அந்தச் சுண்டைக்காயை ஐஸ் டப்பாவில் வைத்து, பச்சைப்பிள்ளையை மடியில் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அடுத்துப் பொங்கலுக்கு வந்தபோது அவன் திட்டம் மெதுவாக வெளியே வந்தது. கிடாவை வெட்ட வேண்டாம். அதன் சதையிலிருந்து வளர்ந்த கறியைச் சாமிக்குப் படைத்துவிடலாம். நேர்த்திக்கடனும் தீரும், கிடாவும் இருக்கும்.

"சாமிகிட்ட நான் கெடான்னுதான் சொன்னேன். டப்பான்னு சொல்லல" என்றாள் என் மனைவி.

"என் உயிருக்காக இன்னொரு உயிரு போக வேணாம்மா. வெட்டுறதா இருந்தா நான் கோயிலுக்கே வரமாட்டேன்."

அவன் வராமல் நேர்த்தி தீராது. அவனுக்காகத்தானே நேர்ந்தது? அவள் வெகுநேரம் அவனுடைய தலையில் தையல் போட்ட தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரி" என்றாள். அவள் சண்டை போட்டால் பயப்படத் தேவையில்லை. சரி என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

பூசாரியைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. அவர் எனக்குப் பங்காளி முறையில் அண்ணன். போனில் மகனே பேசினான்.

"பெரியப்பா, சாமிக்கு வேண்டியது கறிதானே?"

"கறி நமக்குப்பா. சாமிக்கு உயிரு."

"இதுவும் உயிருள்ள சதைதான் பெரியப்பா. அதே கெடாவோடது."

"சரி, கொண்டா. தண்ணி ஊத்திப் பார்ப்போம். சிலுப்புச்சுன்னா சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம். சிலுப்பலைன்னா நீயி அதைப் பெங்களூருக்கே தூக்கிட்டுப் போயிரு" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் பிடரியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிலுப்பாதவரை அரிவாள் உயராது. நனைந்த ஆடு சிலுப்பத்தான் செய்யும் என்பது எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அதைச் சொல்லிச் சொல்லியே பங்காளிகளிடம் கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் தண்ணீர் விழுந்ததற்கும் அது சிலுப்புவதற்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

அடுத்த பிரச்சினை சாப்பாடு. பெங்களூர்க் கறி மொத்தமே ஒரு முந்நூறு கிராம்தான் வரும் என்றான் மகன். பங்காளிகள், சம்பந்தக்காரர்கள், கடைக்காரர்கள் என்று இருநூறு பேரைக் கூப்பிட்டிருந்தோம்.

"கெடாவெட்டுன்னு கூப்பிட்டுட்டுச் சாம்பார் ஊத்துனா சனம் என்னைய உயிரோட விடாதுடா" என்றேன்.

"அதுக்கென்னப்பா, கடையில கறி வாங்கிக்கலாமே."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "கடைக்கறியும் ஆடுதானடா?"

"அது கடையில வாங்குறதுப்பா. நம்ம கெடாவ வெட்டுறது வேற."

உலகத்தில் ஓர் ஆடும் சாகாமல் கறி சாப்பிடும் வழியைக் கண்டுபிடிக்கப் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானி பேசிய பேச்சு இது. படிக்க வைத்ததற்கு மனசு குளிர்ந்தது. மறுநாளே கறிக்கடைக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஆடு சொல்லி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கறிக்கடைக்கு நானே போகிறேன் என்று என் மனைவி கிளம்பினாள். கையில் மூடி போட்ட பித்தளைச் சொம்பு. ஆட்டு ரத்தம் வாங்கிப் பொரியல் பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். அது எனக்குப் பிடிக்கும். அதனால் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எட்டு மணிக்குக் கறிப் பாத்திரங்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மைத்துனன் ஜீப்பில் சாமானை ஏற்றினோம். பின்னால் கிடாவும் ஏறிக்கொண்டது. அதன் பக்கத்தில் மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் அதுவே.

கோயில் குரங்கணி போகும் பாதையில் மலையடிவாரத்தில் இருக்கிறது. கோபுரம் எதுவும் கிடையாது. புளியமரத்தடியில் ஒரு மேடை, நட்டு வைத்த அரிவாள்கள், அவ்வளவுதான். பூசாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மகன் கையுறை மாட்டி, ஒரு வெளிர் நிறக் கட்டியை எடுத்து வாழையிலையில் வைத்தான். பல் ஈறு நிறத்தில், வழவழவென்று, முன்னும் பின்னும் இல்லாமல் இருந்தது. இருநூறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "இதுக்கு எந்தப் பக்கம்பா பிடரி?" என்று கேட்டார் பூசாரி.

மகனுக்கே தெரியவில்லை. நடுவில் ஊற்றச் சொன்னான்.

ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் வழிந்து இலையை நிறைத்தது. கறி சும்மா இருந்தது. எல்லோரும் காத்திருந்தோம். எங்கள் குலத்தில் படித்தவர்கள் எத்தனையோ பேர். வக்கீல் இருக்கிறார், இன்ஜினியர் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித்தருகிறவர் இருக்கிறார். அத்தனை பேரும் ஒரு துண்டுக் கறி தலையை ஆட்டுமா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் தரம் ஊற்றினார். "அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றது ஒரு குரல். "அது காத்துல எலை அசைஞ்சது" என்றது இன்னொரு குரல். மகன் போனில் படம் எடுத்துக்கொண்டே வியர்த்தான். என் மனைவி மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள். பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தரம் பூசாரி சொம்பைத் தூக்கியபோது, இதுவரை ஓரமாக நின்ற எங்கள் கிடாவுக்கு இலையோரம் படையலுக்கு வைத்த வாழைப்பழம் கண்ணில் பட்டது. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து, தலையை நீட்டிப் பழத்தைக் கவ்வியது. தண்ணீர் முழுக்க அதன் பிடரியில் விழுந்தது. பழத்தை விடாமல், கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. முன்வரிசை முழுக்க மஞ்சளாகிவிட்டது.

பெண்கள் குலவை போட்டார்கள். மைத்துனன் அரிவாள் மேல் கை வைத்தான். "உத்தரவு ஆயிருச்சு! கெடாவப் புடி!" என்றான். மகன் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "மாமா, தொட்டீங்கன்னா நடக்குறதே வேற" என்று கத்தினான். உயிரைக் காப்பாற்றித் தூக்கி வந்த மாமனைப் பார்த்துப் பேசிய பேச்சு.

எங்கள் பூசாரி அண்ணனைப் பற்றி நான் எவ்வளவோ கேலி பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவர்தான் மானத்தைக் காப்பாற்றினார். "இருங்கப்பா. எலையில இருக்குற கறி யாரோடது? இந்தக் கெடாவோடது. அதுக்கு வாயில்ல, உடம்பில்ல, சிலுப்ப முடியாது. அதனால கெடாவே வந்து என் கறிய எடுத்துக்கன்னு உத்தரவு குடுத்துருச்சு. வெளங்குதா?" என்றார்.

வக்கீலுக்கே விளங்கிவிட்டது. பூசாரி அந்த ஆளுயர அரிவாளால் முந்நூறு கிராம் கட்டியைப் பிறந்தநாள் கேக் மாதிரி இரண்டாக வெட்டினார்.

வெட்டிய பிறகு பங்கு பிரிக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி தலை பூசாரிக்கு, தொடை தாய்மாமனுக்கு. தொடை மாமன் வீட்டுக்குப் போகவில்லையென்றால் மாமனுக்கு மரியாதையில்லை. மைத்துனன் இன்னும் முகம் சிவந்துதான் நின்றான்.

"இதுல தொடை எது மாப்ளே?"

மகன் யோசித்துவிட்டு நியாயமாகத்தான் சொன்னான். "தொடையில இருந்து எடுத்த சதை மாமா. அப்படிப் பார்த்தா எல்லாமே தொடைதான்."

"அப்ப மொத்தமும் எனக்கா?" மைத்துனன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப என் தலை?" என்றார் பூசாரி.

தலை, கிடாவின் கழுத்துக்கு மேல் உட்கார்ந்து வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே என்றேன். அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

சமையல்காரர் அதை மிளகும் ஏலக்காயும் தட்டிப்போட்டு வறுத்தார். எல்லோருக்கும் ஒரு நுள்ளு ருசி பார்க்கக் கொடுக்கலாம் என்ற நேரத்தில், மகன் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தான். இன்னும் கடையில் விற்க அனுமதி இல்லாத சரக்காம். தின்கிறவர்கள் முழுச் சம்மதத்தோடுதான் தின்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். கூட்டம் அப்படியே பின்வாங்கியது. "ஆப்பரேசனுக்குத்தான் கையெழுத்துக் கேப்பாக. கறிக்கு எதுக்கு?" என்றாள் ஒரு பெரியம்மா. மீல்மேக்கர் என்று தீர்ப்புச் சொன்னவர் செருப்பைத் தேடினார். முதல் துண்டு கேட்ட பக்கத்துக் கடைக்காரர், கட்டாயமா என்று கேட்டார். "வேணாம்னா வேணாம், யாருக்கும் கட்டாயமில்ல" என்று மகன் தாளை மடித்து வைத்தான். நல்ல பண்பு. அவர் ஏக்கமும் நிம்மதியுமாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மைத்துனன் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டான். தொடையாயிற்றே, விடுவானா? இருநூறு பேர் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். மகன் நோட்டும் பேனாவுமாக முன்னால் நின்றான். எத்தனையோ வருஷ உழைப்பு அந்த வாய்க்குள் இருந்தது.

"எப்படி மாமா?"

"உப்புக் கம்மி."

அதன் பிறகு பந்தி. நாலு ஆட்டுக் கறியும் சோறுமாக ஊரே மணத்தது. எதிலும் கையெழுத்துப் போடாத சனம், சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தது. எலும்பை உறிஞ்சுகிற சத்தத்துக்கு நடுவே மகன் எழுந்து நின்று, போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பேச்சுப் பேசினான். "இன்னைக்கு எங்க கோயில்ல ஒரு உயிர்கூடப் போகாம கெடாவெட்டு நடந்துருக்கு." எல்லோரும் கை தட்டினார்கள், கை தட்டுவதற்காகக் கறித்துண்டை இலையில் வைத்துவிட்டு. மகனும் உட்கார்ந்து இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டான். நான் நல்லி எலும்பு கேட்டு இரண்டாம் தடவையும் வாங்கினேன். வாழ்க்கையில் இவ்வளவு கேலிக்கூத்தை ஒரே நாளில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குக் கடையில் சொல்லிச் சிரிக்கலாம் என்று பூரித்துப்போயிருந்தேன். அன்று சாயங்காலமே மகன் பஸ் ஏறினான். கிடாவின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் என் மனைவி அடிபம்பில் புளி போட்டு அந்தப் பித்தளைச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிடா பக்கத்தில் படுத்து அசைபோட்டது.

"ரத்தம் வாங்கப் போனியே, பொரியல் எங்க?" என்றேன்.

"ரத்தம் வாங்கப் போகல. மஞ்சத் தண்ணி கொண்டு போனேன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. நாங்கள் கோயிலுக்குப் போவதற்கு முன்னாலேயே இவள் கறிக்கடை ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றி நேர்த்தியை முடித்துவிட்டாள். நாங்கள் அத்தனை பேர் டப்பாவுக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது இவள் ஏன் பார்க்காமல் நின்றாள் என்பதும் புரிந்தது. கெட்டிக்காரிதான் என்று சிரித்துவிட்டேன். "அப்ப கருப்பனுக்குக் கெடா போயாச்சு. இனிமே அவனுக்குச் சளி பிடிச்சாலும் நீ நிம்மதியா இருக்கலாம்" என்றேன்.

அவள் சொம்பைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போயாச்சுதான். ரெண்டாவது ஆடு ஊத்துன ஒடனே சிலுப்பிருச்சு."

"ரெண்டாவதா? அப்ப மொத ஆடு?"

"மொதல்ல இதே மாதிரி கறுப்பா, நெத்தியில வெள்ளையோட ஒன்னு நின்னுச்சு. இதுக்குப் பதிலு அதுன்னு மனசுல சொல்லிக்கிட்டு ஊத்துனேன். சிலுப்பல. மூனு தரம் ஊத்துனேங்க. தண்ணி சொட்டச் சொட்ட என்னையவே பார்த்துக்கிட்டு நின்னுச்சு."

ஜீப்பில் ஏற்றும்போது நாலு ஆட்டுக் கறியும் வந்திருக்கிறதா என்று நான்தான் சரிபார்த்தேன். நாலும் இருந்தது.

"கடைக்காரத் தம்பிகிட்ட இத விட்ருப்பான்னு சொன்னேன். 'எரநூறு பேருக்கு மூனு ஆடு எப்படி ஆத்தா பத்தும்?'னான். நேரமாகுதுன்னான். நானும் சரின்னுட்டேன்." சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நேத்துக் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்ன ஒருத்தரயும் நாம கட்டாயப்படுத்தல. வேணாம்னா வேணாம்னு விட்டுட்டோம். அதுவும் வேணாம்னுதானங்க சொல்லுச்சு?"

நனைந்த ஆடு சில சமயம் பயத்தில் விறைத்துப்போய் நிற்கும், அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது என்று பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ கிடாவெட்டில் எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் மீந்த சோற்றைப் பிசைந்து கிடாவின் முன்னால் வைத்தாள். அது எழுந்து மோந்து பார்த்துவிட்டு, தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குழம்பு வாடை இருந்திருக்கும். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய நல்லி எலும்பு எந்த ஆட்டுடையது என்று யோசித்துக்கொண்டு, கடைக்குப் போகாமல் அங்கேயே நின்றேன்.